பதினோரு நாள் பாக்கி

அக்டோபர் பிறந்ததும் அலுவலகச் சுவரில் ஒரு தாள்.
எடுக்காத விடுப்பு
டிசம்பர் முப்பத்தொன்றோடு ஹாங்குஸ்.
மலாயில் அப்படித்தான் சொல்வார்கள்,
அடுப்பில் மறந்துவிட்ட சோற்றுக்கும் அதே சொல்.
என் பெயருக்கு நேரே பதினொன்று.

நான் எடைமேடைக் கிராணி.
பாகாவுக்குப் பத்து கல் தள்ளி செம்பனை ஆலை வாசலில்
பதினாறு வருஷமாய்க் கண்ணாடிப் பெட்டிக்குள்.
லோரி பழத்தோடு ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டு வெறுமனே வரும், இன்னோர் எண்.
முன்னதில் பின்னது போக
மிஞ்சுவதுதான் பழம்.
கழித்தலுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இது விடுப்புக் கேட்கும் நேரமா என்றார் என்சிக் ருஸ்லான்.
அவர் கேட்பதும் நியாயம்தான்.
இந்த மாதங்களில் மரங்களுக்கு வெறி பிடிக்கும்.
லோரி வரிசை கேட்டைத் தாண்டி
பள்ளிக்கூட வேலிவரை நிற்கும்.
நனைந்த குலை எடை கூடக் காட்டும்.
"மழைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்" என்று
முனகிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.
ஒவ்வொரு நாளாகக் கேளேன் என்றார்,
பல் பிடுங்குவதுபோல.

முதல் நாள் பல்தான் பிடுங்கினேன்.

தீபாவளிக்கு மறுநாள்
முறுக்குத் தட்டோடு யாரோ கதவைத் தட்டினார்கள்.
தூங்கினேன்.
யாரென்று இன்றுவரை தெரியாது.
பதிவு இலாகாவில் இரண்டு நாள் போயிற்று.
அடையாள அட்டையில் இளவஞ்சி என்கிற நான்
எலா வாஞ்சி என்று இரண்டு பேராக இருக்கிறேன்.
அப்பாவின் பிறப்புப் பத்திரம் வேண்டுமாம்.
அப்பா பிறந்ததற்கு
அப்பாவைத் தவிர ஆதாரம் ஏதும் இருந்ததில்லை.
இரண்டு பேராகவே திரும்பி வந்தேன்.

ரயிலேறி கெமாஸ் போனேன் ஒரு நாள்.
அங்கே ஒரு தே ஓ குடித்தேன்.
திரும்பினேன்.
அதற்கு எதற்கு ஒரு நாள் என்றாள் தனசீலி.
எனக்கும் தெரியவில்லை, ஆனால்
ஜன்னலோரம் எல்லா மரமும் எங்கள் மரம்போலவே இருக்க,
அவற்றில் ஒன்றையும்
நான் நிறுக்க வேண்டியதில்லை.

மீதியெல்லாம் கார் பழக.
நாற்பது டன்னுக்குத் துண்டுச்சீட்டு கிழிப்பவளுக்கு
ஒரு கஞ்சில் ஓட்டத் தெரியாது.
ஜனவரியில் டைரியில் எழுதியது,
போன ஜனவரியிலும்,
அதற்கு முன்னும்.
அங்கிள் யாப் பக்கத்தில் அமர்ந்து
வேர்க்கடலை கொறித்தபடி பிரேக் மிதிப்பார்.
சோதனை நாளில்
மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது
கார் பின்னுக்கு உருண்டது.
வருஷம் முழுக்க உருண்ட மாதிரியே,
மெதுவாக, ஓசையில்லாமல்.
மறுசோதனை ஜனவரியில்.

அதற்கு முந்தின வாரம் நடந்ததை
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
மழை கொட்டுகிறது, கண்ணாடி துடைப்பான் பாதியில் நிற்கிறது,
திரும்பத் தெரியாமல் லோரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டேன்.
முன்னே ஒரு லோரி, பின்னே ஒரு லோரி.
ஒதுங்க இடமில்லை.
ஊர்ந்து ஊர்ந்து ஏறியே விட்டது
எடைமேடைமீது எங்கள் கஞ்சில்.
பெட்டிக்குள் என் நாற்காலியில் தனசீலி.
எழுந்து நின்று பார்த்தாள்.
வாயைப் பொத்திக்கொண்டாள்.
பிறகு, என்ன தோன்றியதோ,
முறைப்படி பொத்தானை அழுத்திச்
சீட்டைக் கிழித்து மழையில் நீட்டினாள்.

எண்ணூற்றிருபது கிலோ.
அதில் நான், யாப், கடலைப் பொட்டலம்,
கூரைமேல் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்.
வெறும் வண்டி என்ற கட்டம் காலி.
நிகரம் என்ற கட்டமும் காலி.
பின்னால் லோரி ஹாரன் அடிக்க
யாப் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

சீட்டு பர்ஸில் இருக்கிறது.
எண் மங்கத் தொடங்கிவிட்டது.
இன்று டிசம்பர் இருபத்தெட்டு,
ஒரு நாள் பாக்கி.
ருஸ்லான் கேட்டார், அதையும் எடுக்கிறாயா?
வரிசையை எட்டிப் பார்த்தேன்,
பள்ளிக்கூட வேலிவரை.
எடுக்கிறேன் என்றேன்.
எதற்கு என்றார்.

அந்தக் கட்டத்தையும் காலியாகவே விட்டிருக்கிறேன்.